ப்ராசஸர் வேகம்: கட்டளையா, வரம்பா?

2000 ஜனவரியில் ஸ்பீட்ஸ்டெப் வசதியோட மொபைல் பென்டியம் 3-ஐ இன்டெல் வெளியிட்டது. பேட்டரியில் ஓடும்போது கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே குறைக்கிற ஏற்பாடு. மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், வேகத்தை மட்டும் குறைப்பதைவிட இதில் லாபம் அதிகம்.

சரி, லினக்ஸில் இதைப் பயனர் கையில் எப்படிக் கொடுப்பது? 2002இல் சிபியுஃப்ரீக் பற்றிய விவாதத்தில் முதல் யோசனை ரொம்ப நேரடியானது: ஒரு கோப்பு, அதில் எழுதுகிற எண்தான் வேகம். லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அவர் வேலை பார்த்த டிரான்ஸ்மெட்டாவின் குரூசோ சிப், வேகத்தைத் தானே ஓயாமல் மாற்றிக்கொள்ளும். அதனிடம் போய் "இத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடு" என்று சொல்லி என்ன பயன்? கீழ் வரம்பு, மேல் வரம்பு, அப்புறம் வேகமா சிக்கனமா என்கிற போக்கு. இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த வடிவமே நின்றது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில், சிஸ்எஃப்எஸ் கோப்புகளில் வரம்புகள் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் இருந்தன. அதற்குள் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது கவர்னரின் வேலை. 2004இல் ஆன்டிமாண்ட் கவர்னர் வந்தது.

டிரான்ஸ்மெட்டா 2009இல் விற்கப்பட்டுவிட்டது. ஆனால் 2015இல் ஸ்கைலேக்கோடு வந்த ஸ்பீட் ஷிஃப்டில், இன்டெல் சிப்பும் வேகத்தைத் தானே முடிவு செய்ய ஆரம்பித்தது. பழைய வரம்புக் கோப்புகள் அதற்கும் அப்படியே பொருந்தின.

அதனால, நீங்கள் எழுதிய எண்ணும் ப்ராசஸர் ஓடுகிற வேகமும் வேறுவேறாக இருந்தால் உடனே டிரைவரைத் திட்டாதீர்கள். அங்கே நாம் எழுதுவது எல்லைக்கோடு மட்டும்தான்.