தனம்மாள் வீட்டுப் பாட்டும் ஹிக்கின்ஸ் பாகவதரும்

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள் பேர்போனவை. பெரிய பெரிய வித்வான்களே கேட்க வருவார்கள். அம்மையார் வீணையை மீட்டியபடி தாழ்ந்த குரலில் பாடுவார். கூடத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். க்ஷேத்ரக்ஞர் பதங்களும் ஜாவளிகளும் அந்த வீட்டுப் பெண்கள் வழிவழியாகக் காத்துவந்த சொத்து.

தனம்மாளின் பேத்தி நடனக் கலைஞர் பாலசரஸ்வதி (பாலா). அவருடைய தம்பிகள் மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முன்பிருந்தே சதிர் என்னும் ஆட்ட மரபுக் குடும்பங்கள் ஏச்சுப் பேச்சுகளைச் சுமந்துகொண்டிருந்தன. ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குப் போய் மதிப்புப் பெற்றது. அதைக் காத்தவர்களுக்கு அந்த மதிப்பில் உரிய பங்கு கிடைக்கவில்லை. இந்த அநியாயத்தை ஒதுக்கிவிட்டு, இந்தக் குடும்பத்துக்கும் அமெரிக்க மாணவர்களுக்கும் இடையே வளர்ந்த நட்பைப் பற்றிப் பேச முடியாது.

1950களின் பிற்பகுதியில் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானதும் குருவையே அங்கு வரவழைத்தார். 1963இல் ரங்கநாதன் அங்கே பாடம் நடத்தத் தொடங்கினார். அதே வெஸ்லியனில் படித்தவர்தான் ஜான் ஹிக்கின்ஸ். 1939இல் மாசசூசெட்ஸில் பிறந்த அந்த இளைஞருக்குக் கர்நாடக சங்கீதப் பித்து பிடித்துவிட்டது. ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் வாய்ப்பாட்டுக் கற்றார்.

அதிலும் அவர் மனம் தோய்ந்தது பதங்களில். பதம் பாடுவது எளிய காரியமல்ல. சௌக்க காலத்தில் ஒரு சொல்லே பல அட்சரங்களுக்கு நீளும். அந்த இடைவெளியை நிரப்புவது கமகம். ஸ்வரத்தை எழுதிவைத்துப் படித்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சும். குருவின் வாயிலிருந்து கேட்டு, திருத்தப்பட்டு, மறுபடியும் பாடித்தான் அது தொண்டையில் படியும். விஸ்வநாதன் கச்சேரியில் குழலை இறக்கிவிட்டு ஓரடி பாடுவார். அடுத்த கணம் அதே அடி சாகித்யம் பிசகாமல் குழலில் வரும். அப்படிப்பட்டவரிடம் பயின்றதால், ஹிக்கின்ஸின் தெலுங்கிலும் தமிழிலும் சொல் சிதையவில்லை.

1965இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் அவர் பாடினார். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று ஊர் அழைத்தது. வெள்ளைக்காரர் பாடுகிறாரே என்ற வியப்பில் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ‘எந்தரோ மகானுபாவுலு’ இசைத்தட்டில் ஸ்ரீ ராகத்தை அவர் நிதானமாக விரிப்பதைக் கேட்டால் அந்த வியப்பு தேவைப்படாது, பாட்டே போதும். பரதநாட்டியத்தின் இசையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1973இல் முனைவர் பட்டம் கிடைத்தது. பாலசரஸ்வதி குடும்பத்தோடு பழகியவருக்கு அந்தத் தலைப்பு இயல்பாகவே அமைந்தது.

கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்தது. விஸ்வநாதனும் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பல்லாண்டுகள் கற்பித்தார். ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்ற அமெரிக்கர் டக்ளஸ் நைட், பாலசரஸ்வதியின் மகள் லக்ஷ்மியை மணந்தார். பாலாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

1984 பிப்ரவரியில் பாலா மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சாலையில் வண்டி மோதி ஹிக்கின்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 45. அதற்குள் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971இலேயே இந்திய இசைப் படிப்பைத் தொடங்கிவைத்திருந்தார். அதில் அவருக்குத் தோள்கொடுத்தவர் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன். ரங்கநாதனைப் போலவே அவரும் பழனி சுப்ரமணிய பிள்ளையின் சீடர்.