சிறுவரும் கணனியும்: லோகோ மொழியின் வரலாறு உணர்த்துவது

சிறுவர் கணனியை இயல்பாகவே கற்றுக்கொள்வர் என்ற கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. இவ்வெளிமை பிறப்போடு வந்ததெனின் ஆசிரியருக்கு அங்கு வேலையில்லை; கற்கும் சூழலால் விளைந்ததெனின் ஆசிரியரின் பொறுப்புப் பெரிது. இவ்வினாவை லோகோ என்னும் கணனி மொழியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் பொருத்தமானது.

1967இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் சீமோர் பப்பேட், வோலி போர்சைக், சிந்தியா சொலமன் முதலியோர் சிறுவருக்கென இம்மொழியை ஆக்கினர். விலையுயர்ந்த பொறியாகிய கணனியைப் பெரும்பாலும் நிபுணர் மட்டுமே அணுகிய காலம் அது. பப்பேட், ஜெனீவாவிற் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை தன் செயல்களினூடாக அறிவைத் தானே கட்டியெழுப்புகின்றது என்ற பியாஜேயின் கொள்கை அவருக்கு வழிகாட்டியது.

லோகோவின் சிறப்பு அதன் 'ஆமை' ஆகும். முதலில் தரையில் ஊர்ந்த பொறியாகவும் பின்னர் திரையில் தோன்றும் குறியாகவும் அமைந்த இது, சிறுவர் இடும் கட்டளைப்படி கோடு வரைந்து செல்லும். 100 அலகு முன்சென்று 90 பாகை வலப்புறம் திரும்புமாறு நான்கு முறை பணித்தால் சதுரம் பிறக்கும். சமபக்க முக்கோணி வரைய விரும்பும் சிறுவன், அதன் கோணம் 60 பாகையென எண்ணி அவ்வளவே திருப்புவானாயின் உருவம் மூடாது. தானே ஆமைபோல் நடந்து பார்க்கும்போது, திரும்பவேண்டியது 120 பாகை என்பது அவனுக்குப் புலனாகும். இங்கே பிழை தண்டனைக்குரியதன்று, ஆராய்ந்து திருத்துதற்குரியது. சிறுவரின் எளிமைக்கு இவ்வச்சமின்மையே பெருங் காரணம் எனலாம்.

1980இல் வெளிவந்த பப்பேட்டின் 'மைன்ட்ஸ்ரோர்ம்ஸ்' என்ற நூல் இக்கருத்தைப் பல நாடுகளிலும் பரப்பியது. ஆயின் 1984இல் நியூயோர்க்கின் பாங்க் ஸ்ரீற் கல்லூரி ஆய்வாளர்களான பீ, கேர்லன்ட் ஆகியோர், லோகோ பயின்ற சிறுவர் திட்டமிடும் திறனில் ஏனையோரை விஞ்சவில்லையெனக் காட்டினர். பொறி தனித்து எதனையும் விளைவிப்பதில்லை, அது பயன்படும் பண்பாடே விளைவை நிர்ணயிக்கும் என 1987இல் பப்பேட் வாதிட்டார்.

ஆசிரியரே இல்லாவிடின் என்ன நிகழும்? 1999இல் புதுடில்லியின் கல்காஜிப் பகுதியிற் சுகத மித்ரா சுவரொன்றிற் பதித்த கணனியை, அயலிலிருந்த குடிசைவாழ் சிறுவர் தாமாகவே இயக்கப் பழகினர். இவ்விரு அனுபவங்களையும் ஒப்புநோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. கணனியை இயக்கப் பழகுதல் வேறு. அதனைக் கொண்டு சிந்திக்கப் பழகுதல் வேறு. முன்னையதற்குக் குழந்தையின் ஆர்வமும் பொறியை அணுகும் வாய்ப்பும் போதும். பின்னையதற்கு நல்ல வினாவைத் தொடுக்கும் ஆசிரியர் வேண்டும். சிறுவரின் இயல்பூக்கத்தைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.