யாருடைய வாசல்? மின்கம்பியும் 'பொது' என்னும் சொல்லும்

'பொது' என்கிற சொல்லைத் தமிழ் படித்த நாம் அதிகம் சந்தேகிப்பதில்லை. பொதுநலம், பொதுக்குழாய், பொதுப்பணித்துறை என்று சொல்லும்போதெல்லாம் அதற்குள் எல்லாரும் இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு ஊரில் துணைமின் நிலையம் வரப்போகிறது என்று சேதி பரவட்டும், அன்றைக்கே அந்தச் சொல் இரண்டாக உடைந்துவிடும். 'பொது நன்மைக்குத்தானே' என்பார் அதிகாரி. 'அப்ப நாங்க யாரு, நாங்களும் பொதுஜனம்தானே' என்பார்கள் தெருக்காரர்கள். இரண்டு பேச்சிலும் ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் இருக்கும் ஆட்கள் வேறு.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில் இருக்கிற மூலக்குளம் போன்ற இடங்களில் இந்தச் சண்டை கூடுதல் சிக்கலாகிவிடுகிறது. ஊர்ப் பெயரில் குளம் இருக்கிறது. ஊரைச் சுற்றி 'நகர்' என்று முடியும் மனைப்பிரிவுகள் இருக்கின்றன. முழுக் கிராமமும் இல்லை, முழு நகரமும் இல்லை. கடன் வாங்கி மனை வாங்கி, வீட்டை முக்கால்வாசி கட்டி முடித்தவர்களின் ஊர் இது. அவர்கள் 'சப்ஸ்டேஷன் வேணாம்' என்று சொல்லும்போது, 'கரண்டு மட்டும் வேணுமா?' என்று திருப்பிக் கேட்டு வாயடைப்பது சுலபம். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தக் கேள்வி அத்தனை சுலபமானதில்லை என்று தெரியும்.

தமிழ்நாட்டில் மின்சாரத்தை முன்வைத்து நடந்த பெரிய மக்கள் போராட்டங்கள் தொடக்கத்தில் மின்சாரத்தை எதிர்த்தவை அல்ல, மலிவான மின்சாரம் கேட்டவை. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. அந்த மின்சாரம் ஆலைகளை ஓட்டியது, பிறகு கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கு இறங்கியது. கமலை இறைத்த கை மோட்டார் சுவிட்சைப் பழகியபோது கட்டணமும் கூடவே வந்தது. யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 5 அன்று பெத்தநாயக்கன்பாளையம் உட்படப் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். நாராயணசாமி நாயுடுவின் பெயர் ஊர் ஊராகப் போனது இந்தக் காலத்தில்தான். இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் வந்ததென்றால், அதற்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன.

அதே கொங்கு நிலத்தில் 2018 டிசம்பரில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை கேட்டது மின்சாரத்தை அல்ல. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் உயர்மின் கோபுரங்கள் தங்கள் வயலில் நிற்கக்கூடாது என்றார்கள். கேபிளாகச் சாலையோரம் புதைத்துக் கொண்டுபோங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த அழுத்தத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று மறுக்கப்பட்டது. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் தடமோ கேரளத்தில் வடக்கஞ்சேரிக்கு அப்பால் மண்ணுக்குள்தான் போகிறது. இரண்டின் தொழில்நுட்பமும் வேறு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எது முடியும், எது முடியாது என்பதை நிலத்துக்காரன் முன்னால் வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும். புகளூர்–திருச்சூர் தடம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஏன் கட்டாயமில்லை? சட்டம் அப்படி. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை மின்தடம் போடுபவருக்கும் கொடுக்க வழி செய்கிறது. வெள்ளைக்காரன் தன் சேதி தடையில்லாமல் போகக் கம்பம் நட எழுதிக்கொண்ட அதிகாரம் அது. நிலம் உன்னுடையதாகவே இருக்கும், நான் கம்பி மட்டும் கொண்டுபோவேன், சேதத்துக்குப் பணம் தருவேன் என்பது அதன் தர்க்கம். இப்படி அதிகாரம் பெற்ற நிறுவனம் நில உரிமையாளரின் முன்சம்மதம் பெறத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்துபோனது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதுகூட, மின்தடங்களுக்காகப் பழைய சட்டத்தின் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். தந்தி செத்துவிட்டது, தந்தியின் அதிகாரம் சாகவில்லை.

போராட்டங்களால் ஒன்று மாறியது, விலை. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று 2015இல் மத்திய மின்துறை வழிகாட்டியது. 2024 ஜூனில் அது 200, 30 என்று உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் எண் ஏறியதே தவிர, பேசும் ஆள் மாறவில்லை. இந்தக் கணக்கில் பட்டா உள்ளவன் மட்டுமே மனிதன். அந்த வயலில் களை பறித்தவள், புறம்போக்கில் குடிசை போட்டவன் யாருக்கும் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

மூலக்குளம் மாதிரியான குடியிருப்புகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். துணைமின் நிலையம் எங்கோ தூரத்தில் நிற்க முடியாது. 110 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரத்தை 22, 11 என்று இறக்கித் தெருவுக்கு அனுப்ப வேண்டும். இறக்கிய பிறகு தூரம் கூடினால் இழப்பும் கூடும். ஆகவே மக்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அது வரும். 'எங்க நகர்ல வேணாம், வேற எங்கயாவது வைங்க' என்கிறோம். அந்த 'வேற எங்கயாவது' எது? ஏரிக்கரையா, மேய்ச்சல் புறம்போக்கா, காலனியை ஒட்டிய இடமா? நலச்சங்கத்தின் மனுவில் இதற்குப் பதில் எழுதப்படாமல் விடப்பட்டால், அந்த வெற்றிடத்தைச் சாதி நிரப்பிவிடும். மனு எழுதத் தெரியாதவர்களின் வாசலில் டிரான்ஸ்பார்மர் இறங்கும்.

இதைச் சொல்வதால் தெருக்காரர்களின் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்வதாக அர்த்தமில்லை. மின்தடங்களைச் சுற்றியுள்ள மிகக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் சேர்த்தது. சாத்தியம் என்றால் நிரூபணம் அல்ல. துணைமின் நிலையத்தின் வேலியைத் தாண்டினால் அதன் கருவிகளின் புலம் சட்டென்று குறைந்துவிடும், பெரும்பாலும் வெளியே உணரப்படுவது உள்ளே வரும், போகும் கம்பிகளின் புலமே. ஆக, கட்டடம் எங்கே என்பதைவிடக் கம்பி யார் வீட்டுமேல் போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பயத்துக்கு வேறொரு வேரும் இருக்கிறது. 2024 ஜூனில், மூலக்குளத்துக்கு அருகே ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிவறை வழியே வந்த விஷவாயுவால் மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடச் சிறுமி. அதுவும் 'பொது வசதி'தான். சாக்கடைக் குழாயைப் பாதுகாப்பாக வைத்திருக்கத் தெரியாதவர்கள் டிரான்ஸ்பார்மர் எண்ணெயைப் பாதுகாப்பார்கள் என்று ஜனம் எப்படி நம்பும்?

கம்பியின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் பங்குண்டு. 1956இல் அங்கே நிறுவனம் தொடங்கியதிலிருந்து ஊர்கள் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் பயிர் நின்ற வயலில் கால்வாய்க்காக எந்திரத்தை இறக்கினார்கள். அன்றைக்கு நம் மனைப்பிரிவுகளில் எத்தனை பேர் மனு எழுதினோம்?

எதிர்ப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கூட்டம் போடுங்கள். ஆனால் காலனிக்காரரையும் அழைத்துப் போடுங்கள். எத்தனை கிலோவோல்ட், கம்பி எந்த வழி, பார்த்த மாற்று இடங்கள் எவை, ஏன் தள்ளினார்கள், தீப்பிடித்தால் வண்டி எந்தச் சந்து வழியாக வரும் என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். பதிலையும் தமிழிலேயே வாங்குங்கள். பட்டா இல்லாதவனும் உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்கிற கூட்டத்தில்தான் 'பொது' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் கூச்சமில்லாமல் சொல்ல முடியும்.