நாலு மணிக்குப் பிறகு: பள்ளி மன்றங்களின் நூறாண்டுக் கதை

பள்ளிக்கூடத்தில் மாலை மணி அடித்தவுடன் என்ன நடக்கும்? செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வரும் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார்கள். கொஞ்சம் பேர் டியூஷனுக்குப் போவார்கள். இன்னும் கொஞ்சம் பேர் மட்டும் மைதானத்திலேயே நிற்பார்கள். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சாரணர்கள், காக்கி போட்ட என்.சி.சி. மாணவர்கள், ஜே.ஆர்.சி. பேட்ஜ் குத்தியவர்கள்.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, மிஞ்சிப் போனால் ஒரு சர்டிபிகேட் கிடைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்று இந்த நாட்டில் நூறு வருடமாகச் சண்டை நடந்திருக்கிறது. வெள்ளைக்கார அரசாங்கம், அதை எதிர்த்தவர்கள், ராணுவம், மொழிக்காகப் போராடியவர்கள், அறிவியல் பரப்பியவர்கள் என எல்லோருக்கும் அந்த நேரம் வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

சாரணர் என்ற சொல்

முதலில் சொல்லில் இருந்தே தொடங்கலாம். 'ஸ்கவுட்' என்பதற்குத் தமிழில் சாரணர் என்கிறோம். இது புதிதாக உண்டாக்கிய சொல் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்குப் போகும் வழியில் சாரணரைச் சந்திக்கிறார்கள். அங்கே சாரணர் என்றால் ஓரிடத்தில் தங்காமல் திரியும் சமண முனிவர். வானத்திலும் செல்லக்கூடியவர் என்பது நம்பிக்கை. அதே சொல்லுக்கு ஒற்றர் என்ற பொருளும் உண்டு.

செஞ்சிக்கு இந்த இரண்டு பொருளும் பொருந்தும் என்பது வேடிக்கை. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. கோட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1677-ல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகை போட்டார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் ஏறிப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒற்றர்கள் கால் படாத பாறை அங்கே இருக்குமா என்ன!

முற்றுகையில் பிறந்த யோசனை

சாரணர் இயக்கமும் ஒரு முற்றுகையில் இருந்து வந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்தின் போது 1899-1900-ல் மாஃபெகிங் என்ற ஊர் முற்றுகையில் சிக்கியது. ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் பேடன் பவல். அங்கே சிறுவர்களைக் கடிதம் கொண்டு போக, செய்தி சொல்ல என்று பயன்படுத்தினார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் பெரியவர்களைப் போலவே வேலை செய்வார்கள் என்பது அவருக்கு அப்போது மனதில் பதிந்தது. அதற்கு முன் 1876-லேயே இளம் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து வேலை பார்த்தவர் அவர்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சி தீவில் சுமார் 20 பையன்களை வைத்து முதல் முகாம் நடந்தது. பணக்காரப் பள்ளி மாணவர்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஒன்றாகத் தங்கினார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது பெரிய விஷயம். பையன்களைச் சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவனையே அணித் தலைவனாக ஆக்கினார் பேடன் பவல். முடிச்சுப் போடுவது, முதலுதவி, திசை கண்டுபிடிப்பது, வெட்ட வெளியில் சமைப்பது எல்லாம் அந்த அணியின் பொறுப்பு. வாத்தியார் தள்ளி நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

1909-ல் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் இந்தியாவின் முதல் சாரணர் குழு தொடங்கியது. ஆரம்பித்தவர் கேப்டன் டி.எச்.பேக்கர். 1911-ல் ஜபல்பூரில் பெண்களுக்கான சாரணியர் குழு வந்தது. ஆனால் இவை எல்லாம் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான்! இந்தியப் பையன்களுக்கு இடமில்லை. காரணம் பயம். அணிவகுக்கவும் துப்பறியவும் காட்டில் தங்கவும் கற்றுக்கொண்டால் நாளைக்கு இவர்கள் புரட்சிக்காரர்கள் ஆகிவிட மாட்டார்களா? அங்கே பணக்காரனையும் ஏழையையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்த இயக்கம், இங்கே நிறம் பார்த்துக் கதவைச் சாத்தியது.

சென்னையில் தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

கதவைத் திறக்கும் வரை காத்திருக்க எல்லோரும் தயாராக இல்லை. வடக்கே ஸ்ரீராம் பாஜ்பாய் 1913 வாக்கிலேயே இந்தியப் பையன்களைச் சேர்த்துத் தனிக் குழு தொடங்கிவிட்டார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-ல் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சாரணர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். வித்தை இங்கிலாந்துடையது, அதன் உடுப்பும் பாட்டும் நம்முடையது.

அதே 1916-ல்தான் அன்னி பெசன்ட் ஹோம் ரூல் லீக்கையும் ஆரம்பித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்தின் பயம் இன்னும் அதிகமானது. 1917 ஜூனில் அவரையும் அருண்டேலையும் பி.பி.வாடியாவையும் சென்னை அரசாங்கம் காவலில் வைத்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, செப்டம்பரில் விடுதலை. பையன்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்த சங்கத்தை நடத்திய இருவர் அரசியல் கைதிகளாக இருந்தார்கள் என்றால், அந்த மாலை நேரம் எவ்வளவு முக்கியமானது என்று யோசித்துப் பாருங்கள்.

1921-ல் பேடன் பவலே இந்தியா வந்தார். சென்னையில் அன்னி பெசன்ட்டைச் சந்தித்தார். பேச்சு வார்த்தைக்குப் பிறகு சென்னைச் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. இந்தியப் பையன்களுக்குக் கதவு திறந்தது. செஞ்சிக் கோட்டை தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அதே 1921-ல்தான்.

ஆனால் எல்லோரும் இணையவில்லை. மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோரின் சேவா சமிதி சாரணர்கள் வெளியிலேயே நின்றார்கள். தடை ஒரே ஒரு வரி. சாரணர் உறுதிமொழியில் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அதை அவர்களால் சொல்ல முடியவில்லை.

மானம் என்ற சொல் இல்லையா?

1937 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியச் சாரணர் ஜாம்போரி நடந்தது. வயதான பேடன் பவல் அதற்கு வந்திருந்தார். அதன் பிறகு, இந்திய மொழிகளில் 'மானம்' என்பதற்குச் சொல்லே இல்லை என்ற பொருளில் அவர் பேசியதாகச் செய்தி வந்து பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. திருக்குறளில் மானம் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 97-வது அதிகாரம். அது தெரிந்த தமிழனுக்கு எப்படி இருந்திருக்கும்! பல சாரணர்கள் விலகினார்கள். 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது.

இந்தப் பிளவு விடுதலைக்குப் பிறகுதான் தீர்ந்தது. 1950 நவம்பர் 7-ல் சங்கங்கள் ஒன்று சேர்ந்து பாரத சாரணர் இயக்கமானது. 1951 ஆகஸ்டில் சாரணியரும் இணைந்தார்கள். உறுதிமொழியில் அரசர் போய்விட்டார், நாடு மட்டும் இருந்தது.

காக்கியும் கட்டளைச் சொல்லும்

அரசர் உறுதிமொழியை ஏற்காத அதே குன்ஸ்ரு தலைமையில்தான் 1946-ல் மாணவர் படை பற்றி ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1948-ல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. ஜூலை 15-ல் என்.சி.சி. பிறந்தது. கல்லூரிக்கு சீனியர் பிரிவு, பள்ளிக்கு ஜூனியர் பிரிவு. 1949-ல் பெண்கள் பிரிவு.

1962 சீன யுத்தத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆனது. விரும்பிச் சேர்ந்த இடம் கட்டாயம் போக வேண்டிய இடமானது. இந்த நேரத்தில்தான் 1965 ஜனவரியில் மொழிப் போராட்டம் வெடித்தது. அதன் முன்னணியில் நின்றவர்கள் மாணவர்கள். வகுப்பில் தமிழுக்காகக் குரல் கொடுத்துவிட்டு, மைதானத்தில் 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்ற இந்திக் கட்டளைக்குக் காலை அசைக்க வேண்டும் என்றால் எப்படி?

1967-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார். 1968 ஜனவரி 23-ல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே தீர்மானத்தில் என்.சி.சி. பயிற்சியில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு அம்சம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் மாணவர்களின் மைதானத்து வார்த்தைகளைப் பற்றித் தீர்மானம் போட்டது! அணிவகுப்பில் கட்டளை இன்றும் இந்தியில்தான் ஒலிக்கிறது. சாரணர் படிகளுக்கும் பிரவேஷ், பிரதம சோபான், ராஜ்ய புரஸ்கார் என்றுதான் பெயர்.

1968-ல் கட்டாயம் நீங்கி என்.சி.சி. மறுபடியும் விருப்பப் பயிற்சி ஆனது. 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். தொடங்கியது. துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி. பிறகு பிளஸ் 2 பள்ளிகளுக்கும் அது வந்தது.

துளிர் விட்ட இன்னொரு பாதை

இவை எல்லாம் மேலே இருந்து வந்தவை. கீழே இருந்தும் ஒன்று வந்தது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-ல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைக் கொண்டு வந்தது. கிராமங்களில் துளிர் இல்லங்கள் உருவாயின. சீருடை கிடையாது, அணிவகுப்பு கிடையாது, அரசர் கிடையாது. கிடைத்த பொருளை வைத்துச் சோதனை செய்து பார்ப்பதுதான் வேலை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து, மேடையில் சொல்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் ஏன் வற்றியது என்பது கூட ஒரு ஆராய்ச்சிதான்.

2001-02-ல் தேசியப் பசுமைப் படை பள்ளிகளுக்கு வந்தது. 2022 நவம்பரில் தமிழக அரசு 6 முதல் 8-ம் வகுப்பு வரை 'வானவில் மன்றம்' தொடங்கியது. கலைத் திருவிழாவும் அதே கல்வியாண்டில் ஆரம்பமானது. எல்லாப் பள்ளியிலும் பழைய இலக்கிய மன்றம் எப்போதும் போல இருக்கிறது. மேடைப் பயம் போன பலருக்கு அதுதான் முதல் மேடை.

கணக்குப் பார்த்தால்

இன்று அந்த மாலை நேரத்துக்குப் போட்டி போடுவது அரசாங்கமோ இயக்கமோ அல்ல. டியூஷனும் மதிப்பெண்ணும்தான். பத்தாம் வகுப்பு வந்தால் "இதெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த வருடம் வரவே வராது.

லாப நஷ்டக் கணக்கும் எல்லோருக்கும் ஒன்று அல்ல. பணம் கட்டும் தனியார் பள்ளியில் இருக்கும் மாணவனுக்கு மன்றம் பாடத்திட்டத்திலேயே இருக்கும், வேன் காத்திருக்கும். கிராமத்து மாணவனிடம் இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் அந்த பஸ் அவனுக்காகக் காத்திருக்காது. சாரணர் சீருடையைப் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். இத்தனைக்கும் இதன் பலன் அதிகம் தேவைப்படுவது அவனுக்குத்தான். ரயில்வேயில் சாரணர்களுக்கு என்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. பட்டப்படிப்போடு என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாக ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். இந்த விவரம் தெரியாமலேயே பள்ளியை முடிப்பவர்கள் எத்தனை பேர்!

2025 ஜூலை 11-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ராஜகிரியின் கதையைச் சொல்ல வல்லத்துப் பிள்ளையை விடப் பொருத்தமான ஆள் யார்? தமிழகத்தில் சில பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் நன்றாக நடக்கின்றன. மாணவர்களே கல்வெட்டுப் படிக்கப் பழகுகிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் அப்படி ஒரு மன்றம் வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர், வாரத்தில் ஒரு மாலை, கடைசி பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடும் ஒரு உத்தரவு. அவ்வளவு போதும்.

ஒரு காலத்தில் இந்தியப் பையன்கள் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வதைப் பார்த்தே ஒரு அரசாங்கம் பயந்தது. அந்தப் பயம் தேவையில்லாதது என்று சொல்ல முடியாது. தானாக ஒரு அணியை நடத்தக் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு யார் சொன்னாலும் சும்மா தலையாட்டாது.