குலுக்கலில் விழுந்த பிறந்தநாள்

போருக்குப் போய் உயிரோடு திரும்பிய ஒருவர், நாலைந்து வருடம் கழித்து நள்ளிரவில் காரை மரத்தில் மோதிச் சாகிறார். இந்தச் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது? குடியா, தூக்கமா, போரா?

தனி மனிதரை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கூட்டமாக எடுத்தாலும் சிக்கல்தான். ராணுவம் ஆளெடுக்கும்போதே உடம்பைச் சோதித்து நோயாளிகளைக் கழித்துவிடும். அதனால் முன்னாள் வீரர்களையும் ஊரிலேயே இருந்தவர்களையும் அப்படியே ஒப்பிட்டால், பல சமயம் வீரர்கள்தான் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். (அப்போ எல்லாரையும் அனுப்பிடலாமே!) எங்கள் வேலையில் இந்தச் சிக்கலை ஏ/பி சோதனையில் தீர்ப்போம். பயனர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு மட்டும் புதுப் பக்கத்தைக் காட்டுவோம். மனிதர்களைச் சீட்டுக் குலுக்கியா போருக்கு அனுப்புவார்கள்?

அமெரிக்கா அனுப்பியது. 1969 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனில், வியட்நாம் போருக்கு ஆளெடுக்க. கண்ணாடி ஜாடிக்குள் 366 நீல பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தக் குலுக்கலில் 195ஆம் எண் வரை அழைத்தார்கள். குப்பிகளை மாதவாரியாகப் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்காததால் வருடக் கடைசியில் பிறந்தவர்கள் அதிகம் மாட்டினார்கள். ஜனவரித் தேதிகளின் சராசரி எண் 201, டிசம்பருக்கு 121. நானும் டிசம்பர்க்காரன்தான், இதைப் படித்தபோது லேசாக வயிற்றைக் கலக்கியது. அடுத்த வருடம் முறையை மாற்றினார்கள்.

1986இல் ஹர்ஸ்ட், நியூமன், ஹல்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தச் சீட்டையே சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். 1950 முதல் 1952 வரை பிறந்து, 1974 முதல் 1983 வரை கலிபோர்னியாவிலும் பென்சில்வேனியாவிலும் இறந்த ஆண்கள். அழைப்பு எல்லைக்குள் எண் விழுந்தவர்களிடையே தற்கொலை 13% அதிகம், வாகன விபத்துச் சாவு 8% அதிகம். சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் எண் விழுந்தவர்களில் 26% பேர்தான் ராணுவத்துக்குப் போனார்கள். விழாதவர்களிலும் 9% பேர் போயிருந்தார்கள். அந்தக் கலப்பைக் கழித்துப் பார்த்தால், உண்மையில் போனவர்களுக்குத் தற்கொலை 86% கூடியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் போனவர்கள் எல்லாரும் வியட்நாமைப் பார்த்தவர்கள் இல்லை.

வியட்நாமை மட்டும் பிரித்துப் பார்த்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். 1987இல் வந்த அந்த ஆய்வு வீரரை வீரரோடுதான் ஒப்பிட்டது. வியட்நாம் போனவர்களிடையே மொத்த இறப்பு 17% அதிகம்; வெளியே வந்த முதல் ஐந்து வருடத்தில் 45%. பெரும்பாலும் விபத்து, தற்கொலை, கொலை, தவறுதலாக உள்ளே போன விஷம். அதன் பிறகு, போதைச் சாவுகள் தவிர, வித்தியாசம் தேய்ந்துவிட்டது.

2012இல் கான்லி, ஹீர்விக் இருவரும் 1989க்குப் பிந்தைய இறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். அதே தேதிகளில் பிறந்த பெண்களையும் ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். பெண்களை யாரும் போருக்கு அழைக்கவில்லையே, அதனால். சீட்டின் சுவடே இல்லை. காலம் ஆற்றிவிட்டது என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் ஐந்து வருடத்தில் போனவர்கள் இந்தப் பதிவேட்டுக்குள் எப்படி வருவார்கள்?

வாஷிங்டனின் கறுப்புக் கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. திரும்பி வந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அதில் இடமில்லை, விதி அப்படி. அவர்களுக்காக 2004இல் பக்கத்தில் ஒரு பலகை பதித்தார்கள். அதில் யார் பெயரும் செதுக்கப்படவில்லை.