கழுத்துக் கட்டியும் கேளா ஒலியும்

கழுத்தில் நெறி கட்டுவது மனிதருக்குப் புதிதன்று. பல் சொத்தையானால் கட்டும். தொண்டை புண்ணானால் கட்டும். குழந்தையின் தலையில் சிரங்கு கண்டால் பிடரியில் கட்டும். பெரும்பாலும் சில நாட்களில் தானே கரைந்துவிடும். கரையாமல் நின்றுவிட்ட கட்டியைப் பற்றித்தான் மருத்துவர்கள் தொன்றுதொட்டுக் கவலைப்பட்டு வந்திருக்கிறார்கள். அது புற்றா, அன்றா என்னும் கேள்விக்கு மனித அறிவு விடை தேடிய வரலாற்றை நேயர்களுடன் சேர்ந்து சிறிது நோக்குவோம்.

முதற் கருவி விரலே. 1862ஆம் ஆண்டு எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் எகிப்து நாட்டில் பழைய பாப்பிரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட அச்சுருளில் நாற்பத்தெட்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. மார்பில் எழுந்த வீக்கம் ஒன்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், அதில் சூடில்லை என்றும், அது பழுக்காத காயைப் போன்றது என்றும் குறித்து, அதற்குச் சிகிச்சை இல்லை என்று முடிக்கிறார். சூடும் மென்மையும் உள்ள கட்டி ஒரு வகை. குளிர்ந்து கடினமாய் இருக்கும் கட்டி வேறு வகை. இந்தப் பாகுபாட்டை அன்றே விரல் அறிந்திருந்தது.

கழுத்துக் கட்டிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் கண்டமாலை. வரிசையாக எழும் கட்டிகள் மாலை அணிந்தாற்போல் தோன்றுவதால் வந்த பெயர் அது. வங்காளத்தில் வாழும் தமிழர் இதையே கண்டமாலா என்று கேட்டிருப்பர். இந்தி பேசும் பகுதிகளில் கண்ட்மாலா என்பர். ஐரோப்பியரின் ஸ்கிரோபுலா என்ற சொல்லோ பெண்பன்றியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு மொழி மாலையைக் கண்ட இடத்தில் மற்றொரு மொழி பன்றியைக் கண்டிருக்கிறது! சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் நம்மைப் போன்றோருக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு.

ஆங்கிலேயர் இந்நோயை அரசரின் பிணி என்றும் அழைத்தனர். முடிசூடிய மன்னர் தொட்டால் கட்டி கரையும் என்பது இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகள் நிலவிய நம்பிக்கை. இரண்டாம் சார்லஸ் மன்னர் தம் ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழ 90,000 பேரைத் தொட்டதாகக் கணக்கு. பிற்காலத்தில் அகராதி தொகுத்துப் புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சனை, அவர் சிறு குழந்தையாய் இருந்தபோது 1712இல் ஆன் அரசியாரிடம் கொண்டு சென்றனர். அரசியார் தொட்டார், நோய் தீரவில்லை. அறுவைச் சிகிச்சை விட்டுச் சென்ற தழும்புகள் ஜான்சனின் கழுத்தில் கடைசி வரை இருந்தன.

கட்டிகள் ஒரே இனத்தவை அல்ல என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1832இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், காசத்திலிருந்து வேறான நிணநீர்க் கணு நோயொன்றை விவரித்தார். இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலே தோன்றும் ஒரு சிறு கட்டி, எங்கோ வயிற்றில் மறைந்திருக்கும் புற்றின் தூதனாக வந்திருக்கலாம் என்று ஜெர்மானியப் பேரறிஞர் விர்ச்சோ காட்டினார். 1882இல் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டுபிடித்ததும், கண்டமாலையில் பெரும்பகுதி காசமே என்பது உறுதிப்பட்டது. இதன் பின்னர் மருத்துவரின் விரலுக்குப் புதிய பாடம் கிடைத்தது: கல்லைப் போல் அசையாது நின்றால் பரவிய புற்றை ஐயுறுக; ரப்பரைப் போல் இருந்தால் நிணநீர்த் திசுவில் பிறந்த புற்றை ஐயுறுக; ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் காசத்தை ஐயுறுக.

நல்ல பாடந்தான். ஆயினும் விரலின் அறிவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப இயலாது. நாக்பூரில் ஒரு டாக்டர் கடினம் என்று எழுதியதைச் சென்னையில் மற்றொரு டாக்டர் சற்றே கெட்டி என்று சொன்னால், இருவரில் யாரை நம்புவது? ஊர்விட்டு ஊர் சென்று வைத்தியம் பார்க்க நேரும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும். மேலும் கழுத்தில் மட்டும் ஏறத்தாழ 300 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. தசைக்கு அடியில் ஆழ்ந்து கிடப்பவற்றை விரல் எட்டுவதில்லை.

கடினத்தை எண்ணால் சொல்ல வழி வகுத்தவரும் ஒரு மருத்துவரே. ஒரு பொருள் அழுத்தத்துக்கு எவ்வளவு இணங்கும் என்பதை அளக்கும் முறையை 1807இல் தாமஸ் யங் தம் சொற்பொழிவு நூலில் வெளியிட்டார். எகிப்திய எழுத்துகளைப் படிக்க முயன்று ஓரளவு வெற்றி கண்டவரும் அவரே. பாலங்கள் கட்டிய பொறியாளர்கள் அவர் அளவையைக் கையாண்டனர். மருத்துவர்கள் நெடுங்காலம் அதை நாடவில்லை. உடலுக்குள் இருக்கும் ஒன்றை எவ்வாறு அழுத்துவது, எவ்வாறு அளப்பது?

அதற்கு ஒலி துணை வந்தது. செவிக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலியை உடலுள் செலுத்தி, அதன் எதிரொலியால் படம் வரையும் முறையை 1958இல் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் அயன் டொனால்டும் அவர் தோழர்களும் உலகறியச் செய்தனர். இன்று சிற்றூர்களிலும் ஸ்கேன் என்றால் பெரும்பாலும் இதுவே. கழுத்துக் கட்டியை இதில் பார்த்தால் வடிவம் தெரியும். நலமுள்ள கணு அவரை விதை போல் நீண்டிருக்கும். புற்றுப் பரவியது பெரும்பாலும் உருண்டு, நடுவிலுள்ள வெண்மையான தண்டுப் பகுதியை இழந்திருக்கும். ஆனால் படம் கடினத்தைச் சொல்லவில்லை.

சொல்ல வைத்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய ஜொனாதன் ஓஃபிர். 1991இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையில் எலாஸ்டோகிராஃபி என்னும் பெயர் இடம்பெற்றது. மீள்மை வரைவு என்று நாம் தமிழாக்கலாம்; வழக்கில் நிலைக்குமோ, அறியோம். உத்தி எளியது. ஸ்கேன் கருவியின் முனையால் கழுத்தை மெல்ல அழுத்துவர். அழுத்துமுன் ஒரு படம், அழுத்தியபின் ஒரு படம். மெல்லிய திசு நசுங்கும், கடினமானது நசுங்காது. இரண்டையும் கணிப்பொறி ஒப்பிட்டு வண்ணப் படமாகத் தரும். ஒரு கம்பெனியின் கருவியில் நீலம் கடினத்தைக் குறிக்கும், வேறொன்றில் சிவப்பு. ஆகவே படத்தைக் கையில் வாங்கிய நோயாளி நிறத்தைக் கண்டு அஞ்சுவதும் மகிழ்வதும் வீண்.

இம்முறையில் அழுத்துவது மனிதக் கையே. பாரிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கையையும் விலக்கினர். குவித்த ஒலியே திசுவை உள்ளிருந்து உந்தும். உந்திய இடத்திலிருந்து குளத்து அலை போல் ஓர் அலை பக்கவாட்டில் படரும். கடினமான திசுவில் அது விரைவாய்ச் செல்லும். அதன் வேகம் வினாடிக்குச் சில மீட்டர்களே; அதைத் தொடரும் கேளா ஒலியோ வினாடிக்கு 1,540 மீட்டர் செல்வது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து அலையின் வேகத்தைக் கணிப்பர். அவ்வேகத்திலிருந்து யங் வகுத்த அளவை கிலோபாஸ்கலில் கிடைக்கிறது. விரல் அறிந்தது எண்ணாகிவிட்டது.

எண் வந்துவிட்டதால் உண்மையும் வந்துவிட்டதா? 2007இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், அழுத்தும் முறை புற்றுள்ள கணுக்களில் நூற்றுக்கு 85ஐக் கண்டுகொண்டது. புற்றில்லாதவற்றில் நூற்றுக்கு 98ஐச் சரியாக விலக்கியது. பலர் பூரித்துப் போனார்கள். 2012இல் ஹாங்காங்கில் அலை முறையைச் சோதித்தபோது, எல்லைக்கோடு 30.2 கிலோபாஸ்கல் என்று வைத்தனர். அதைத் தாண்டியவை யாவும் புற்றுதான். ஆனால் இருந்த புற்றுக் கணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அக்கோட்டைத் தாண்டவேயில்லை. அதாவது, கருவி கடினம் என்று சொன்னால் செவிகொடுக்க வேண்டும். மென்மை என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு வீடு திரும்பலாகாது.

காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. புற்றணுக்கள் நெருங்கிப் பெருகி நார்த்திசுவையும் வளர்ப்பதால் கணு இறுகுகிறது. அதே புற்று உள்ளே அழுகி நீர்த்துவிட்டால் மென்மையாகிறது. நிணநீர்த் திசுவில் பிறக்கும் புற்றும் பல வேளைகளில் மென்மையாய் இருந்து ஏமாற்றும். காசமோ இரு வேடமும் போடும். சீழ் கொண்டால் இளகும், சுண்ணாம்பு படிந்தால் கல்லாகும். புகையிலையால் வரும் வாய்ப்புற்றும் காசமும் ஒருங்கே மலிந்த நம் நாட்டில் இது சிறு சிக்கலன்று. போதாக்குறைக்குக் கழுத்தின் பெருந்தமனி வேறு இடையறாது துடித்து அளவைக் குலைக்கிறது.

ஆகவே தீர்ப்பு இன்றும் ஊசியின் கையில் இருக்கிறது. நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்னும் இருவர் 1930இல் விவரித்த முறை அது: ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சிக் கண்ணாடியில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பது. அதுவும் ஐயமாக விட்டால் கணுவை முழுதாக எடுத்துச் சோதிப்பர். ஒரே கழுத்தில் பத்துக் கட்டிகள் இருக்கையில் எதில் ஊசி குத்துவது என்று காட்டுவதே எலாஸ்டோகிராஃபியின் இன்றைய உண்மையான பணி. உறிஞ்சியதில் ஒரு பகுதி நுண்ணோக்கிக்கும், மற்றொரு பகுதி காசக் கிருமியின் மரபணுச் சோதனைக்கும் போகிறது. காசம் என்று முடிவானால், மருந்துக்கு இணங்கும் சாதாரண வகைக்குச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். மாத்திரைகள் எந்த மாநிலத்திலும் அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. புற்று என்று முடிவானால், அது எங்கிருந்து பரவியது என்று வாயையும் தொண்டையையும் தைராய்டையும் தேடும் வேலை அன்றே தொடங்குகிறது.