சால்மன் மீனும் சட்டசபைகளும்

கடற்கரை என்பது ஒரு சாண்கூட இல்லாத, அமெரிக்காவின் வெர்மான்ட் ராஜ்யத்தின் சட்டசபை, ஆண்டுதோறும் சமுத்திரத்திலிருந்து தன் மலையடிவாரம் வரையில் ஏறி வந்துகொண்டிருந்த சால்மன் மீன் அற்றுப்போனதைக் கண்டு, அத்தகைய மீன்களைச் செயற்கை முறையில் மறுபடியும் உற்பத்தி செய்ய மார்க்கம் உண்டா என்பதை ஆராயும் பொறுப்பை ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தது; அவருடைய அறிக்கை 1857-ல் வெளிவந்தது. மீன்வளம் குன்றுவதைப் பற்றி அதற்குப் பின் அமெரிக்க சட்டசபைகள் நியமித்த குழுக்களும், நடத்திய விசாரணைகளும், அச்சிட்ட அறிக்கைகளும் மிகப் பல. அவற்றில் கூறப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு அறிக்கையிலேயே இடம்பெற்றிருக்கின்றன என்பதும், காரணங்களை ஐயமற அறிந்த பின்னரும் அவற்றை நீக்குவதற்குப் பதிலாக நீக்காமல் தப்பும் வழியையே சட்டசபைகள் திரும்பத் திரும்ப விரும்பின என்பதும் இந்தச் சரித்திரத்தைப் படிப்பவர் மனத்தை வருத்தும் செய்தியாகும்.

சால்மனின் வாழ்க்கை இரண்டு நீர்களுக்கும் பொதுவானது. குளிர்ந்த தெளிந்த ஓடையில், கூழாங்கற்களுக்கு இடையே தாய் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, சில காலம் ஆற்றில் வளர்ந்து, பிறகு நீரோட்டத்தோடு கீழிறங்கிக் கடலை அடைகிறது. அங்கே ஓராண்டோ பல ஆண்டுகளோ இரை தேடிப் பருத்த பின், தான் பிறந்த அதே நதியை நாடி, அந்நீரின் மணத்தையே வழிகாட்டியாகக் கொண்டு, அருவிகளைத் தாவி ஏறித் தன் பிறப்பிடத்தை அடைந்து முட்டையிடுகிறது. பசிபிக் பக்கத்துச் சால்மன் முட்டையிட்டவுடன் உயிர் விடுகிறது. அட்லாண்டிக் சால்மனில் சில மட்டும் மீண்டும் கடலுக்குத் திரும்புவதுண்டு. ஆகவே இந்த மீனுக்குக் கடலும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தடையில்லாத வழியும் வேண்டும். நடுவழியை அடைத்துவிட்டால், மேலேயுள்ள ஓடை எவ்வளவு தூயதாக இருப்பினும், கீழேயுள்ள கடல் எவ்வளவு விசாலமாக இருப்பினும் பயனில்லை.

நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தின் மிக நீண்ட நதியாகிய கனெக்டிகட்டில் அந்த வழி 1798-ல் அடைபட்டது. மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், இன்று டர்னர்ஸ் ஃபால்ஸ் என்று வழங்கும் இடத்தில், படகுப் போக்குவரத்துக்குக் கால்வாய் வெட்டிய கம்பெனியார் நதியின் குறுக்கே அணை எழுப்பினர். அதற்கு மேலுள்ள உபநதிகளில் முட்டையிட்டு வந்த சால்மன் இனம், இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தது. அணை கட்டியவர்கள் ஒரு ராஜ்யத்தார். மீனை இழந்தவர்கள் வேறு ராஜ்யத்தார். இந்த உண்மையை மனத்தில் கொள்ளாமல் பின்வந்த விவகாரங்களைப் புரிந்துகொள்ள இயலாது.

மார்ஷ் 1801-ல் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக் என்னும் ஊரில் பிறந்தவர். வக்கீலாகவும், அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினராகவும், துருக்கியில் தம் நாட்டின் ஸ்தானிகராகவும் இருந்தவர். பல மொழிகளில் பாண்டித்தியம் பெற்றவர். சிறுவராக இருந்த காலத்தில் தம் ஊரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்ணாரக் கண்டவர். மத்தியதரைக்கடல் நாடுகளில் பிரயாணம் செய்தபோது, பழைய நாகரிகங்கள் தழைத்த இடங்களிலெல்லாம் காடு அழிந்து மண் கரைந்து கிடந்ததையும் பார்த்தார். அத்தகைய மனிதரிடம் மீனைப் பற்றிக் கேட்டால் அவர் மீனைப் பற்றி மட்டும் பேசுவாரா? பருவம் பாராமல் முட்டையிடும் காலத்திலேயே பிடித்து அழித்ததையும், ஆலைகளுக்காகக் கட்டிய அணைகளையும், மர ஆலைகளிலிருந்து ஆற்றில் கொட்டிய மரத்தூளையும், தொழிற்சாலைக் கழிவுகளையும் அவர் குறிப்பிட்டார். அவற்றோடு நில்லாமல், மலைமேல் காடு வெட்டப்பட்டதால் மழைநீர் தங்காமல் வெள்ளமாய்ப் பாய்வதையும், கோடையில் ஓடை வற்றிச் சூடேறுவதையும், மீனுக்கு இரையாகும் பூச்சிகள் குறைவதையும் காரணங்களாகக் கண்டு எழுதினார். நதி என்பது கரைகளுக்குள் ஓடும் ஜலம் மட்டுமன்று, அது பாயும் பிரதேசம் முழுவதன் உடல்நிலையைக் காட்டுவது என்னும் எண்ணம் அந்த அறிக்கையில் வேரூன்றி, ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1864-ல், ‘மனிதனும் இயற்கையும்’ என்ற அவருடைய பெருநூலாக விரிந்தது. இயற்கைப் பாதுகாப்பு என்று இன்று நாம் கூறும் சிந்தனைக்கு அமெரிக்காவில் வித்திட்ட நூல்களில் அது தலையாயது. மீனைப் பற்றிய ஓர் அரசாங்க விசாரணை அத்தகைய நூலுக்கு முன்னோடியாக இருந்தது என்பதை எண்ணும்போது, அரசாங்க அறிக்கைகளைத் தூசி படிந்த காகிதம் என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

ஆனால் பரிகாரம் கூறும் இடத்திற்கு வந்தபோது மார்ஷ் தளர்ந்துவிட்டார். காட்டைத் திரும்ப வளர்க்கவும் அணைகளை அகற்றவும் எந்த ஜனசபையும் துணியாது என்றும், நான்கு ராஜ்யங்களுக்கு உரிய நதியில் ஒரு ராஜ்யம் இயற்றும் சட்டத்தால் பலன் இல்லை என்றும், சுதந்திரப் பழக்கம் உள்ள ஜனங்கள் மீன்பிடி விதிகளுக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்றும் அவர் கருதினார். ஆதலால், அக்காலத்தில் ஐரோப்பாவில் புகழ்பெற்று வந்த செயற்கைக் கருவுறுத்தும் முறையைத் தனிப்பட்டவர்கள் கைக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்று முடித்தார். பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளைப் பாத்திரத்தில் சேர்த்து, ஆண் மீனின் விந்தை அதனுடன் கலந்து, ஓடும் நீரில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் அந்த முறையை, பிரான்ஸ் தேசத்து வோஜ் மலைப்பகுதியில் ஜோசப் ரெமி என்ற கல்வியறிவு இல்லாத மீனவர் 1840-களில் தம் சொந்த அநுபவத்தால் கண்டறிந்திருந்தார். ஜெர்மனியில் யாக்கோபி என்பவர் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே அதை விவரித்திருந்தார். முறையில் குற்றமில்லை. பிறந்த குஞ்சு வாழ்வதற்கு ஆறு எங்கே என்ற கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை.

1860-களில் நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் முறையிட, மாசசூசெட்ஸ் சட்டசபை மீன்துறைக் கமிஷனர்களை நியமித்தது. கனெக்டிகட் நதியின் குறுக்கே ஹோலியோக் என்னும் இடத்தில் பேரணை கட்டியிருந்த கம்பெனியார், மீன் ஏறுவதற்கு ஏணி அமைக்கும் கடமை தமக்கு இல்லை என்று வழக்காடினர். அந்த வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று, 1872-ல் கமிஷனர்களுக்குச் சாதகமாக முடிந்தது. நதியில் மீன் செல்லும் வழி தனிச்சொத்தன்று என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது. குஞ்சுகளும் மேல்நதியில் விடப்பட்டன. அதன் பலனாக 1878-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான சால்மன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தபோது, முகத்துவாரத்தில் இருந்த கனெக்டிகட் ராஜ்யத்து மீனவர்கள் அவற்றை வலைகளில் வாரிக்கொண்டனர். மேலே உள்ளவர் விதைக்க, கீழே உள்ளவர் அறுவடை செய்த கதையாக அந்த முயற்சி குலைந்தது.

இந்தச் சரித்திரம் கிழக்குக் கரையோடு முடிந்திருந்தால் அதை ஒரு பிரதேசத்தின் துர்ப்பாக்கியம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே மனிதர்களும் அதே எண்ணங்களும் மேற்கே சென்றன. இளைஞராக இருந்த ஸ்பென்சர் பேர்ட் என்ற விஞ்ஞானிக்கு 1850-ல் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தில் பதவி கிடைக்கத் துணைநின்றவர் மார்ஷ். அந்த பேர்ட் 1871-ல் அமெரிக்க மீன் கமிஷனின் முதல் தலைவரானார். கனெக்டிகட் நதிக்கரையில் சார்ல்ஸ்டவுன் என்ற ஊரில் மதபோதகராக இருந்து, அப்பணியை விட்டு மீன் வளர்ப்பில் இறங்கிய லிவிங்ஸ்டன் ஸ்டோனை, 1872-ல் கலிபோர்னியாவின் மெக்ளவுட் நதிக்கு அனுப்பிச் சால்மன் முட்டைகளைச் சேகரிக்கச் செய்தவரும் அவரே.

அதே சமயத்தில் கொலம்பியா நதியில் பெருவேட்டை நடந்துகொண்டிருந்தது. கானடாவின் மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக்கில் கலக்கும் அந்நதியில், வெள்ளையர் வருமுன் ஆண்டுதோறும் 1 கோடிக்கு மேற்பட்ட சால்மன்கள் ஏறின என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். 1866-ல் ஹியூம் சகோதரர்கள் அங்கே டப்பாவில் மீன் அடைக்கும் முதல் தொழிற்சாலையைத் தொடங்கி, 4,000 பெட்டிகள் நிரப்பினர். 1880-களின் நடுவில் நாற்பதுக்கு அருகில் தொழிற்சாலைகள் பெருகி, ஓராண்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் நிரம்பின. அந்தத் தொழிற்சாலைகளில் கத்தியைப் பிடித்து இரவு பகலாக மீன் அறுத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள். அவர்களுடைய பெயர்கள் எந்த டப்பாவின் மீதும் அச்சிடப்படவில்லை.

நதி இதைத் தாங்காது என்று அஞ்சிய, அந்நதிக்கரை ராஜ்யமாகிய ஆரிகானின் பிரமுகர்கள் பேர்டின் ஆலோசனையை நாடினர். 1875-ல் போர்ட்லண்ட் பத்திரிகையில் வெளியான அவருடைய பதில், காரணங்களைச் சரியாகவே எடுத்துரைத்தது: அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, அணைகள், நதியின் இயல்பு மாறுதல். இவ்வளவும் சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டுச் சட்டங்களை அமல் நடத்துவது கடினம் என்றும், 15,000 அல்லது 20,000 டாலர் செலவில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தால் சட்டமே தேவைப்படாத அளவுக்கு மீன் பெருகும் என்றும் அவர் எழுதினார். மார்ஷ் மனம் தளர்ந்து ஏற்றுக்கொண்டதை, அவரால் ஆதரிக்கப்பட்டவர் நம்பிக்கையோடு வாக்களித்தார். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கூறும் ஆலோசனையை எந்தச் சபைதான் வேண்டாம் என்று சொல்லும்? சால்மனுக்கு நேர்ந்த தீங்குகளில் இந்தக் கடிதத்தின் பங்கு வலைகளின் பங்குக்குக் குறைந்ததன்று என்பது என் திடமான அபிப்பிராயம். பேர்டுக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர்களில் ஒருவரான மார்ஷல் மக்டொனால்ட், செயற்கை உற்பத்தியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 1894-ல் எச்சரித்தும் பலிக்கவில்லை. 1908-ல் ஆரிகானில், கீழ்நதி வலைஞர்கள் மேல்நதியில் சுழல்சக்கரம் வைத்து மீன் பிடித்தவரைத் தடுக்க ஒரு மசோதாவும், சக்கரக்காரர்கள் வலைஞரைத் தடுக்க மற்றொரு மசோதாவும் கொண்டுவர, ஜனங்கள் இரண்டையும் வோட்டளித்து நிறைவேற்றினர்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அந்நதியில் மீன் பிடித்தவர்கள் இருந்தனர். பருவத்தின் முதல் சால்மனை வணங்கி வரவேற்று, சடங்கு முடியும் வரையில் வலை வீசாமல் காத்திருந்த பூர்வகுடிகள் அவர்கள்; அந்தக் காத்திருப்பினாலேயே ஏராளமான மீன்கள் மேலே சென்று முட்டையிட வாய்த்தது. 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் யாகமா, நெஸ் பெர்ஸ், உமட்டில்லா முதலிய குலத்தார் பரந்த நிலங்களை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் பாத்தியதையை மட்டும் விடவில்லை. அந்தப் பாத்தியதையை 1905-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் பாறைகளின்மேல் மரத்தட்டி அமைத்து நின்று மீன் பிடித்த சிலைலோ அருவி, 1957 மார்ச் 10-ஆம் தேதி, தி டாலஸ் அணையின் கதவுகள் மூடப்பட்ட சில மணி நேரத்திற்குள் நீரில் மூழ்கிற்று. பாத்தியதை சாசனத்தில் இருந்தது. அதைச் செலுத்துவதற்கு இடம் இல்லாமற்போயிற்று. வாஷிங்டன் ராஜ்யத்தின் வழக்கொன்றில், பிடிக்கத்தக்க மீனில் பாதி உடன்படிக்கைக் குலத்தாருக்கு உரியது என்று நீதிபதி போல்ட் 1974-ல் தீர்ப்பளித்தார். நியாயம் கிடைத்தபோது பங்கிடுவதற்கு மீன் குறைந்திருந்தது.

அதே கொலம்பியாவின் மேல்பகுதியில் எழுந்த கிராண்ட் கூலி அணை இன்னும் கொடியது. 550 அடி உயரம் உள்ள அதில் மீன் ஏணி வைக்க முடியாது என்று தீர்மானித்து, மேலேயுள்ள நதி முழுவதையும் சால்மனுக்கு இல்லாமற் செய்துவிட்டனர். 1940-ல் கெட்டில் அருவியின் அருகே பல குலத்தார் கூடி அழுது விடைபெற்றனர். ஏணி உள்ள அணைகளிலும் ஏறும் மீனுக்கு மட்டுமே ஏணி உதவுகிறது. இறங்கும் குஞ்சுகள் தேங்கிய நீரில் திசை தெரியாமல் தாமதித்து, மின்சார யந்திரங்களின் சுழலில் சிக்கி மடிகின்றன. நம் நாட்டுக் காவிரியும் இந்த விதிக்குத் தப்பவில்லை. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்து, பிற்பாடு இந்திய மீன்துறையின் தலைவராகி, இறுதிக் காலத்தில் பிரிட்டிஷ் தீவுகளின் சால்மன் குடும்பத்தைப் பற்றியும் நூல் எழுதிய பிரான்சிஸ் டே, கடலிலிருந்து நதியேறும் மீன்களை அணைக்கட்டுகள் மறிப்பதை 1870-களிலேயே அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பின் காவிரியில், கடலிலிருந்து ஏறி வரும் உல்லம் மீனின் வரவு மேலும் சுருங்கியது.

1992-ல், கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் உள்ளே ஐடஹோ மலைகளில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரிக்கு, எட்டு அணைகளைக் கடந்து திரும்பி வந்த சாக்கை சால்மன் ஒன்றே ஒன்றுதான். அது ஆண் மீன். கொலம்பியா பிரதேசத்தில், மின்சார உற்பத்தியோடு மீனையும் காக்க வேண்டும் என்ற 1980-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஆராய்ச்சிக்கும் மீட்புக்கும் செலவான தொகை பல நூறு கோடி டாலர்; ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஏதேனும் ஒரு சட்டசபைக் குழு புதிய ஆராய்ச்சிக்குத் திட்டம் வகுக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் கூறவில்லை. எந்த நதியில், எந்தப் பருவத்தில், எத்தனை குஞ்சுகள் எங்கே மடிகின்றன என்பது எண்ணிப் பார்க்காமல் தெரிய வராது. ஆனால் ஆராய்ச்சியைத் திட்டமிடும் குழு, அதன் முடிவு வந்ததும் அணைக்காரர், ஆலைக்காரர், வலைக்காரர், விவசாயி ஆகியோரில் யார் எதை விட்டுக்கொடுப்பார் என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்; அவ்வாறு எழுதி வைக்காத ஆராய்ச்சி, முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும் சாதனமாகவே பயன்பட்டிருக்கிறது.

கனெக்டிகட் நதியில் 1967-ல் மறுபடி தொடங்கிய சால்மன் மீட்புத் திட்டத்தை, 45 ஆண்டுகள் குஞ்சுகளை விட்டுப் பார்த்த பின், 2012-ல் மத்திய அரசாங்கம் கைவிட்டது. கலிபோர்னியா, ஆரிகான் எல்லையைக் கடந்து ஓடும் கிளமாத் நதியிலோ, கரையில் வாழும் பூர்வகுடிகள் நெடுங்காலம் போராடியதன் பயனாக நான்கு அணைகள் இடிக்கப்பட்டன. அந்த வேலை 2024-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் முடிவுற்றது. அதே அக்டோபரில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக எட்ட முடியாதிருந்த ஆரிகான் உபநதியில் சினூக் சால்மன் காணப்பட்டது.